விருது வாங்கிய கை

தங்கைக்கு உலக விருது கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது அக்காக்காரி ஒரு வங்கித் தலைவரின் மூக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். களிமண் மூக்குதான். அசல் மூக்கின் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய சம்சாரம் அடிக்கடி பட்டறைக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கும்ங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். போட்டோவில் பார்த்தால் அது அப்படியொன்றும் எடுப்பான மூக்கு இல்லை. ஆனால் செத்தவர்களின் மூக்கு நாளுக்கு நாள் வளரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்கட்டுப் பட்டறைக்கு ஓடிவந்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுஷன் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"அடியே, நம்ம சின்னவளுக்குக் கிடைச்சிடுச்சுடி!"

"எது?"

"எதுவா? அந்தப் பெரிய விருதுதான்! உலகத்துக்கே ஒருத்தருக்குத்தான் கொடுப்பாங்களே, அது!"

அது எது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பாட்டு, நாடகம், ஓவியம், சிற்பம் என்று எல்லாக் கலைக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரே ஒருவரைப் பொறுக்கியெடுத்து, வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்காகக் கொடுப்பது. யாரும் விண்ணப்பம் போட முடியாது. அவர்களாகக் கூப்பிட்டால்தான் உண்டு. வாங்கியவர்களின் படம் பிறகு பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும்.

"நல்லது" என்றாள் பெரியவள்.

"என்னடி, செத்த வீட்டுல சொல்ற மாதிரி சொல்றே? போன் பண்ணி ரெண்டு வார்த்தை பேசு."

"கையெல்லாம் மண்ணு. அப்புறம் பேசறேன்."

அவர் அக்கம்பக்கத்துக்கு மிட்டாய் வாங்கப் போய்விட்டார். அவள் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலுக்கு அடியில் வங்கித் தலைவரின் மூக்கு சப்பையாகி, கன்னத்தோடு கன்னமாகக் கிடந்தது.

அக்கா, தங்கை இரண்டு பேரும் ஒரே கலைக் கல்லூரியில், ஒரே மண்ணில் வேலை கற்றவர்கள். படித்த காலத்தில் பரிசெல்லாம் பெரியவளுக்குத்தான். சின்னவள் பின்னாலேயே வந்து, "அக்கா, இந்தக் காது எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். படித்து முடித்ததும் பெரியவள் தலை செய்யப் போனாள். பள்ளிக்கூடம் கட்டியவர், ஆஸ்பத்திரிக்கு இடம் கொடுத்தவர், கம்பெனி தொடங்கியவர் என்று மார்பளவுச் சிலை. தொழில் வட்டாரத்தில் அவளுக்குத் தலைக்காரம்மா என்றே பெயர் வந்துவிட்டது. எத்தனையோ மாடிப்படி வளைவுகளில் அவள் செய்த தலைகள் நிற்கின்றன. மழைக்காலத்தில் ஊழியர்கள் அதில் குடை மாட்டுவார்கள். சிலைக்கு முன்னால் செத்தவர் பெயர் இருக்கும். செய்தவள் பெயர் பின்பக்கம், சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

சின்னவள் போன வழி வேறு. அவள் தலையும் செய்யவில்லை, காலும் செய்யவில்லை. வீடு உயரத்துக்கு உருண்டை செய்தாள். நடுவில் ஓட்டை. கடற்கரையில் ஒன்று, ஒரு நூலகத்துக்கு முன்னால் ஒன்று, கடல் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு. யாராவது கேட்டால் பெரியவள், "சின்னப் பிள்ளைங்க ஒளிஞ்சு விளையாட வசதியா இருக்கும்" என்பாள். கேட்டவர்கள் சிரித்தால் அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசிக்கும்.

வெளியே சொல்லாத ஒன்று உண்டு. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் அந்தக் கடற்கரை உருண்டையைப் பார்த்தாள். சாயங்கால வெயில் ஓட்டை வழியாக வந்து மணலில் விழுந்து, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கத்திக்கொண்டு வந்த கும்பல்கூட அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியது. ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பெரியவள் சுற்றிச் சுற்றி வந்தாள். மண்ணைத் தொட்டுப் பிழைக்கிறவளின் கண்ணுக்கு ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மட்டமான வேலை செய்தவளுக்குப் பெயர் வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நல்ல வேலை செய்தவளுக்குப் பெயர் வந்தால் வயிறு எரிவதைத் தவிர வேறு வழியில்லை.

விருதுச் செய்தி வந்த மறுநாள் ஒரு பத்திரிகைக்காரன் பெரியவளைக் கூப்பிட்டான். அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்கப்போகிறான் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், உங்க தங்கச்சி சின்ன வயசுல எப்படி இருப்பாங்க?"

"சாப்பாடுன்னா அழுவா. தட்டைத் தள்ளிட்டு ஓடிடுவா."

அடுத்த நாள் பேப்பரில், 'கலைக்காகப் பசியை மறந்த குழந்தை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அவளை, 'இல்லத்தரசியான மூத்த சகோதரி' என்று எழுதியிருந்தான். வீட்டுக்காரர் அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். நல்ல மனுஷன், ஆனால் எதை எங்கே ஒட்டுவது என்று தெரியாது.

அதற்கப்புறம்தான் சின்னவளே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு உதவி வேணும். விருது கொடுக்கிறவங்க வலது கையை அச்சு எடுத்துக்குவாங்க. வெண்கலத்துல வார்த்து அவங்க மண்டபத்துச் சுவத்துல மாட்டி, கீழே பேர் போடுவாங்களாம். வாங்கின எல்லாரோட கையும் அங்க இருக்கு. அச்சை யார் எடுக்கணும்னு நானே சொல்லலாமாம். நீ எடுத்துத் தரியா?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அச்சு எடுப்பதில் இந்தப் பக்கத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. மாட்டேன் என்றால் எவனோ ஒரு அரைகுறை வந்து எடுப்பான். தவிர, அவளுக்கு மின்னல் மாதிரி ஒரு யோசனை வந்தது.

கொஞ்ச காலமாகவே அவளுக்கு ஒரு சந்தேகம். சின்னவள் மண்ணைத் தொடுவதே இல்லை, எல்லாம் வேலைக்காரப் பையன்கள் செய்வது, இவள் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பது. எந்தப் படத்தில் பார்த்தாலும் வலது கை சால்வைக்குள் இருக்கும். இல்லாவிட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும். மகாராணி மாதிரி ஒரு நிற்பு. வேலை செய்கிற கையில் காய்ப்பு இருக்கும், வெடிப்பு இருக்கும், நகம் தேய்ந்திருக்கும். அச்சு பொய் சொல்லாது. ரேகை ரேகையாக எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும். அந்தப் பஞ்சு மெத்தைக் கையை வெண்கலத்தில் பார்க்கிற சிற்பிகளுக்குத் தெரியாதா, இது மண் பிசைந்த கையா, உள்ளங்கையில் முகம் வைத்துத் தூங்குகிற கையா என்று?

"வாடி, எடுத்துத் தரேன். ஒரு ரேகைகூட விட மாட்டேன்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த இனிப்பு அவளுக்கே திகட்டியது.

சின்னவள் காரில் வந்து இறங்கினாள். சால்வை, கைப்பை எல்லாம் அப்படியே. கூடவே விருதுக்காரர் ஒருவர். வெளிநாட்டு மனிதர், நம் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர், அதனால் புத்தகம் மாதிரியே பேசுவார். பட்டறையில் நின்று மரபை விளக்கினார்.

"கரம் விரிந்திருத்தல் வேண்டும். எதையும் பற்றியிருத்தல் கூடாது. பிற்பாடு எவ்விதத் திருத்தமும் செய்தல் ஆகாது. விழாவன்று விருதாளர் தம் கரத்தை அவ்வெண்கலக் கரத்தின் மீது வைப்பார். அதன் பின் எவரும் அதனைத் தொடுவதில்லை."

"சரிங்க, நீங்க முன்னாடி உக்காந்து டீ குடிங்க. ஆள் நின்னா எனக்கு வேலை ஓடாது" என்று பெரியவள் அவரைக் கிளப்பினாள். முன்னறையில் வீட்டுக்காரர் அவரைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். இனி லேசில் விடமாட்டார்.

அச்சு எடுப்பது இப்படித்தான். பல் டாக்டர்கள் பல்லுக்கு அளவெடுக்கிற பொடியைத் தண்ணீரில் கரைத்து வாளியில் ஊற்றிக் கையை முழங்கைக்குக் கீழே வரை விடவேண்டும். சில நிமிஷத்தில் அது ரப்பர் மாதிரி இறுகும். அதுவரை விரல் அசையக் கூடாது. கையை உருவிக்கொண்டு, அந்தக் குழியில் வெள்ளைச் சாந்தை ஊற்றிக் காயவைத்து, ரப்பரை உரித்தால் உள்ளே கை இருக்கும்.

முதல் தடவை உரித்தபோது உள்ளே இருந்தது கை இல்லை. ஐந்து விரலும் தண்ணீரில் ஊறினது மாதிரி வீங்கி, ரேகையும் இல்லாமல் நகமும் இல்லாமல் இருந்தது.

"அசைச்சியா?"

"இல்லையே."

"அசைக்காம இப்படி வருமா? சின்ன வயசுலேருந்து உனக்கு ஒரு இடத்துல இருக்கத் தெரியாது. நான் என்ன வேலை வெட்டி இல்லாமலா உக்காந்திருக்கேன்? விடு கையை திரும்ப."

சின்னவள் மறுபடியும் கையை விட்டாள். பெரியவள் இந்தத் தடவை வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோழிக் குஞ்சைப் பார்க்கிற பருந்து மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இறுகாத கலவையின் மேல்மட்டத்தில் சின்னச் சின்ன வட்டமாக அலை எழும்பியது. ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல். சின்னவளின் முழங்கை அசையவில்லை, தோள் அசையவில்லை. அலை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பெரியவள் நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு, காது, தாடை என்று முகம் பார்த்தே பிழைத்தவள் அவள். சின்னவள் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது.

"கையை எடுடி" என்றாள் பெரியவள்.

எடுத்தாள். கலவை சொட்டச் சொட்ட அந்தக் கை காற்றில் நின்று ஆடியது. சின்னவள் அதை மறைக்கச் சால்வையைத் தேடினாள். சால்வை தூரத்து முக்காலியில் கிடந்தது.

"எவ்வளவு நாளா?"

"நாலஞ்சு வருஷமா. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. இது இப்படித்தானாம். எதையாவது இறுக்கிப் பிடிச்சா அடங்கும். சும்மா விட்டா ஆடும்."

"அப்ப அந்த நூலகத்து வாசல்ல இருக்கிறது?"

"பசங்க செஞ்சாங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பெரியவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. நான் அப்பவே நினைச்சேன், நான் அப்பவே நினைச்சேன் என்று உள்ளுக்குள் ஒருத்தி குதித்தாள்.

"கடற்கரையில இருக்கிறது?" என்று கேட்டாள். அதுவும் போய்விட்டால் கணக்குத் தீர்ந்தது.

"அது நான்தான்க்கா. முழுக்க என் கை. அதுதான் கடைசி."

உள்ளுக்குள் குதித்தவள் கொஞ்சம் உட்கார்ந்தாள்.

"இதை ஏன் மறைச்சே? ஊர்ல யாருக்கும் வராததா?"

"சொன்னா பாவம்னுவாங்க. பாவம் பார்த்துக் கொடுத்தாங்கன்னும் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் என்னோட எதைப் பார்த்தாலும், இது ஆடாத கை செஞ்சதா, ஆடின கை செஞ்சதான்னுதான் தேடுவாங்க. கடற்கரையில இருக்கிறதைக்கூட விட மாட்டாங்க." சின்னவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "உன்கிட்ட ஏன் வந்தேன்னு எனக்கே தெரியல. நீ எடுத்தா எப்படியாவது வந்துடும்னு ஒரு நினைப்பு. இனி உன் இஷ்டம். அவர் முன்னாடிதான் உக்காந்திருக்கார். போய்ச் சொல்லணும்னா சொல்லிடு. நான் தடுக்கல."

பெரியவள் எழுந்து கதவு வரைக்கும் போனாள். பொய் சொல்லக் கூடாது, சொல்லத்தான் போனாள். ஒரு வாக்கியம் போதும். 'ஐயா, கொஞ்சம் உள்ளே வந்து பாருங்க.' அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். முன்னறையில் வீட்டுக்காரர் சின்னவளின் கல்யாணத்தில் விளக்கு அணைந்த கதையை விருதுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. பெரியவள் தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

வைத்த கை கண்ணில் பட்டது. அகன்ற உள்ளங்கை, குட்டைக் கட்டைவிரல். இரண்டு பேருக்குமே அப்பாவின் கை. சின்ன வயதில் வளையல்காரர் அளவு எடுக்க வந்தால் ஒருத்தியின் கையைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த மண்டபத்துச் சுவர் அவள் கண்முன் வந்து நின்றது. உலகத்தில் பெரிய கை என்று பெயர் வாங்கிய கைகளெல்லாம் வரிசையாக. அதில் ஒன்று.

அடுத்து அவள் செய்ததைப் பாசத்தில் செய்தாள் என்று யாராவது சொன்னால் அவளே வாய்விட்டுச் சிரிப்பாள். பாசம் ஓர் ஓரத்தில் இருந்திருக்கலாம். முன்னால் நின்றது பொறாமைதான். இவள் கை அங்கே போகலாம், என் கை போகக் கூடாதா என்ற அதே பழைய எரிச்சல். அவள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை, போட்டாள்.

"பொடியைக் கலக்குடி" என்றாள்.

"என்னக்கா?"

"கலக்குன்னா கலக்கு. கரண்டியை இறுக்கிப் பிடிச்சுக்க, ஆடாது." புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள்.

சின்னவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "வேணாம்க்கா. இது தப்பு."

"தப்புதான். தண்ணி ஜாஸ்தி ஊத்தறே பாரு, அது அதை விடப் பெரிய தப்பு. கட்டி தட்டாம கலக்கு. இவ்வளவு பெரிய விருது வாங்கினவளுக்கு ஒரு பொடி கலக்கத் தெரியல."

கதவை யாரோ தட்டினார்கள். விருதுக்காரர். "உள்ளே வரலாமா?"

"வராதீங்க! கை உள்ள இருக்கு! அசைஞ்சா போச்சு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்திவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இந்தத் தடவை உரித்தபோது கை வந்தது. கை என்றால் அதுதான் கை. காய்ப்பு, வெடிப்பு, தேய்ந்த நகம், கட்டைவிரல் அடியில் ஒரு பெரிய தழும்பு, அதில் தையல் போட்ட புள்ளிகள் வரை. பெரியவள் தன் கையை வெளியில் வைத்து இப்படிப் பார்த்ததே இல்லை. சோப்பு போட்டுக் கழுவிய கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் கையைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டதும் விருதுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் சாந்துக் கையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஃதன்றோ உழைத்த கரம்" என்றார் கடைசியில். அவர் கண் கலங்கியிருந்தது. "எத்தனையோ கரங்களைக் கண்டேன். இத்தகையதைக் கண்டதில்லை. அம்மையே, ஒரு வாழ்நாள் முழுவதும் இதில் எழுதப்பட்டிருக்கிறது." சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினார். சின்னவளை.

வேலைக்கு வந்த நாளிலிருந்து பெரியவள் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். வந்தேவிட்டது. ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. அவள் வாளியைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றாள்.

"இத்தழும்பு எவ்வாறு நேர்ந்தது?"

"அது... உளி பட்டதுங்க" என்றாள் சின்னவள்.

"உளியாம் உளி!" பெரியவளுக்கு வாய் நிற்கவில்லை. "உளி இடது கையிலதானே இருக்கும்? மண்ணைத் தாங்க உள்ள வைக்கிற உள்கம்பி அறுந்து கிழிச்சது. பள்ளிக்கூடத்துக்காரர் தலைக்கு முறுக்கினப்ப."

விருதுக்காரர் திரும்பிப் பார்த்தார். "தாங்கள் எவ்வாறு அறிவீர்கள்?"

பெரியவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான்தானே கட்டு போட்டு விட்டேன்" என்றாள்.

விழாவுக்குச் சின்னவள் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் சேர்ந்து போறதைப் பார்க்கவே கண்ணு நிறையுது" என்று வழியனுப்பினார். விமானத்தில் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். பேசத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். நடுவில் ஒரு பக்கம் முழுக்க அந்த வெண்கலக் கையின் படம். விருதுக்காரர் பெரியவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கீழே இருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னார். கையின் காய்ப்பைப் பற்றி ஒரு பத்தி. தழும்பைப் பற்றி ஒரு பத்தி, கம்பி அறுந்த கதையோடு. பள்ளிக்கூடத்துக்காரரை விட்டுவிட்டார்கள். பெரியவள் ஊரில் எத்தனையோ பேர் மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். தன் கை மேலேயே பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான். மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். இதே கைதான். இது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அது அங்கே விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது.

சின்னவள் மேடையேறினாள். சுவரில் இருந்த வெண்கலக் கையின் மேல் தன் கையை வைத்தாள். இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியவளும் எழுந்தாள். கைதட்டினாளா என்றால் தட்டினாள், ஆனால் சத்தம் வரவில்லை.

விழா முடிந்து கூட்டம் கலைந்து, பேச்சும் சிரிப்புமாக நின்றபோது அவள் மெல்ல அந்தச் சுவர்ப் பக்கம் போனாள். பாடினவர்கள் கை, வரைந்தவர்கள் கை என்று வரிசை. கடைசியில் அவளுடையது. கீழே தங்கையின் பெயர். எந்தக் கதையையும் மாற்ற அவள் வரவில்லை. ஒருதடவை தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கையை நீட்டினாள்.

சீருடைக் காவலன் குறுக்கே வந்து நின்றான். தலையை ஆட்டினான். அவள் மறுபடி நீட்டினாள். அவன் மரியாதையாகத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினான். விருதுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"பொறுத்தருள்க அம்மா. விருதாளர் தவிர எவரும் தொடலாகாது. மரபு."

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் கைடா, என் கை என்று கத்தவேண்டும் போல் இருந்தது. சத்தம் கேட்டுப் படம் எடுப்பவர்கள் திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து சின்னவள் வந்தாள். காவலன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அவங்களை விடுங்க" என்றாள் விருதுக்காரரிடம். "எல்லாரையும் விட அவங்கதான் அதைத் தொடணும். ஏன்னா அது..."

ஏதோ சுவாரசியம் என்று கேமராக்கள் கிட்டே வந்தன. பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சொல்லத்தான் போகிறாள். முகம் பார்த்துப் பிழைத்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இன்னும் இரண்டே வார்த்தை. வாழ்நாள் முழுக்க வாய்க்காதது இதோ வாசல் வரை வந்து நிற்கிறது. அவள் வேண்டாம் என்று நினைக்கவில்லை. வேண்டும் என்றுதான் நினைத்தாள், நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு வேண்டும் என்று நினைத்தாள்.

அப்போது சின்னவளின் சால்வை தோளிலிருந்து நழுவியது. சுவரைக் காட்ட நீட்டிய வலது கை, அத்தனை விளக்குக்கும் முன்னால், பிடிக்க ஒன்றுமில்லாமல் ஆடத் தொடங்கியது.

பெரியவள் காவலனை உதறிவிட்டு ஒரே எட்டில் போய் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்தாள். உள்கம்பி முறுக்குகிற பிடி. கை அடங்கியது.

"ஏன்னா நான் அவ அக்கா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அதைத்தான் சொல்ல வந்தா. ரொம்ப நல்ல விருதுங்க. நாங்க கிளம்பறோம்."

விருதுக்காரர் மொழிபெயர்த்தார். எல்லோரும் உருகிப்போய்க் கைதட்டினார்கள். விளக்குகள் பளிச் பளிச்சென்று மின்னின. அக்காளும் தங்கையும் கையோடு கை பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுக்கா, வலிக்குது" என்றாள் சின்னவள், உதடு அசையாமல்.

"வலிக்கட்டும்டி" என்றாள் பெரியவள். விடவில்லை.